நாற்பத்தொரு கிலோ

ஹார்பின் நகரத்து ஐஸ் ஸ்கேட்டிங் பயிற்சி மையத்தில் பெண்களுக்குப் பொழுது விடிவது எடை இயந்திரத்தின் மேல்தான். ஆறரை மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும், குளிர்ச்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்ட வேண்டும், ஏறி நிற்க வேண்டும். ஒருத்தி எண்ணைச் சத்தமாகப் படிப்பாள், இன்னொருத்தி சுவரில் இருக்கும் வெள்ளைப் பலகையில் எழுதுவாள். ஆண்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர்கள் அந்த நேரத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பொரித்த மாவுக் குச்சியைச் சோயாப் பாலில் தோய்த்துத் தின்றுகொண்டிருப்பார்கள். தூக்குகிறவன் தின்னலாம், தூக்கப்படுகிறவள் தின்னக் கூடாது. ஜோடி ஸ்கேட்டிங்கின் முதல் சட்டம் இதுதான், எந்தப் புத்தகத்திலும் அச்சடிக்கவில்லை என்றாலும்.

"மெங் யாச்சின், நாப்பத்தொண்ணு."

முப்பத்தைந்து வயதில் அந்த வரிசையில் நின்றவள் அவள் ஒருத்திதான். பின்னால் நின்ற பெண்ணுக்குப் பதினேழு இருக்கும். பலகையைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"எப்படிக்கா இந்த வயசுல வெயிட்டு ஏறாமப் பாத்துக்கிறீங்க? என்ன சாப்பிடுவீங்க?"

"கோபத்த."

அந்தப் பெண் சிரித்தாள். யாச்சின் சிரிக்கவில்லை. கேட்டதற்கு உண்மையான பதிலைத்தான் சொல்லியிருந்தாள்.

அந்தக் கோபத்துக்கு வயது பன்னிரண்டு. பதினோரு வயதில் அவளை லுவான் தேஷானோடு ஜோடி சேர்த்தார்கள். அவன் அவளைவிட மூன்று வயது மூத்தவன், அப்போதே கழுத்து தடித்தவன். அவளுடைய இருபதாவது வயதில் இரண்டு பேரும் ஒலிம்பிக் போய் ஏழாவதாக வந்தார்கள். அடுத்த தடவை பதக்கம் நிச்சயம் என்று மையத்தில் சமையல்காரர் முதல் எல்லாரும் சொன்னார்கள். அந்த அடுத்த தடவைக்கு ஒன்றரை வருடம் இருக்கும்போதுதான் தேஷான் ஒரு நாள் அவளைத் தலைக்கு மேலிருந்து இறக்கிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே தலைமைக் கோச் கெங்கிடம் சொன்னான், "கோச், இவ கனத்துட்டா."

அதோடு அவளுடைய இரவுச் சாப்பாடு நின்றது. ஐந்து மாதம் வெள்ளரிக்காயும் ஒரு அவித்த முட்டையும்தான். நாற்பத்திரண்டு கிலோ முப்பத்தொன்பது ஆனது. மாதவிலக்கு நின்றது, சீப்பில் முடி கொத்தாக வந்தது. ஆனாலும் தேஷான் தூக்கும்போதெல்லாம் முகத்தைச் சுளித்து, "இன்னும் கனமாத்தான் இருக்கா" என்றான். இதில் அவளால் இன்றுவரை தாங்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. அவள் அதை நம்பினாள். கண்ணாடி முன்னால் நின்று தன் தொடையைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்து, தன்னையே திட்டிக்கொண்டாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, ஸ்கேட் தகடு தீட்டும் அறையின் கதவில் தாள் ஒட்டினார்கள். மையத்தில் ஜோடிகளைச் சேர்ப்பதும் பிரிப்பதும் அந்தத் தாள்தான். அதில் தேஷான் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் பெயர் இருந்தது. காரணம் என்ற இடத்தில் 'எடை' என்று எழுதியிருந்தது. தாள் ஒட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே, யார் வைத்துக்கொள்ளப்படுகிறார்களோ அவர்களுக்கு மட்டும் கெங் சொல்லிவிடுவார். கழற்றிவிடப்படுகிறவருக்குச் சொல்வதில்லை. தெரிந்தால் மனம் குலைந்து பனியில் விழுந்து எலும்பை முறித்துக்கொள்வார்களாம், அந்த அக்கறை. ஆக ஒரு வாரம் முழுக்கத் தேஷானுக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க அவன் அவள் இடுப்பைப் பிடித்து, காதருகே "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி எண்ணி வீசினான். அவளும் சிரித்த முகமாகப் பறந்து பறந்து இறங்கினாள்.

இது பாதிதான். மீதி ஆறு வருடம் கழித்து ஒரு கல்யாண விருந்தில் கிடைத்தது. மையத்தில் உடம்பு பிடித்துவிடும் லியாவ், நாலு கிண்ணம் சாராயம் உள்ளே போனதும் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

"உன்ன நெனச்சா வயிறு எரியுதும்மா. கனம் உங்கிட்டயா இருந்துச்சு? அவன் வலது தோள்ல தசை கிழிஞ்சு தொங்கிச்சு. தெனம் சாயங்காலம் நான்தானே தேய்ச்சு விட்டேன். வெளிய தெரிஞ்சா என் கத முடிஞ்சுது அண்ணேன்னு கையப் புடிச்சுக் கெஞ்சினான்."

"என்ன சொல்றீங்க அண்ணே?"

"ஆம்பளைய யாரு தராசுல ஏத்துறா? அவன் தோளு போனதுக்கு உன் சோத்துல கை வச்சான்."

யாச்சின் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளை மெதுவாகக் கீழே வைத்தாள். மணமகளுக்கு வாழ்த்துச் சொன்னாள், கோட்டை மாட்டிக்கொண்டாள், பேருந்து நிறுத்தம் வரை நடந்தாள். அங்கே நின்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். பக்கத்தில் நின்றவர்கள் இரண்டடி தள்ளிப் போனார்கள்.

அதற்கும் நாலு வருடம் கழித்துத்தான் தேஷான் அவளைத் தேடி வந்தான். அப்போது அவள் ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில், தண்ணீர் தேங்கும் குட்டிப் பனித்தளத்தில் குழந்தைகளுக்கு விழாமல் நிற்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் தடுப்புக்கு வெளியே ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு நின்றான்.

"ஒரே ஒரு தடவ. கடைசியா ஒலிம்பிக் போயிட்டு வந்துரலாம்."

"உன் பதினாறு வயசு ஜோடி எங்க?"

"அவ அப்பவே விட்டுட்டா. கல்யாணமாகி ரெண்டு புள்ள."

அந்தச் சின்னப் பெண்ணோடு ஒலிம்பிக் போய் அவன் ஐந்தாவதாக வந்தான். அதற்கடுத்ததற்குப் போகவே முடியவில்லை. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு தோல்வியையும் அவள் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள், பூசணி விதை கொறித்துக்கொண்டே.

"உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன? எருமை மாதிரி இருக்கேன்."

பொய்யைக் கண் கொட்டாமல் சொல்வதில் அவன் கொஞ்சமும் மாறவில்லை. அதைப் பார்த்த அந்த நொடியே யாச்சின் "சரி" என்றாள். கெஞ்ச வேண்டியிருக்கும் என்று தயாராக வந்தவன் திகைத்துப் போனான்.

அவள் போட்ட கணக்கு சுலபமானது. தலைக்கு மேல் தூக்கும்போது, பார்க்கிறவர்கள் ஆண்தான் தூக்குகிறான் என்று நினைப்பார்கள். பாதி வேலை பெண்ணுடையது. 'மூன்று' எனும்போது அவள் முழங்காலை மடித்துக் குதிக்க வேண்டும், கையைப் பூட்டிக்கொள்ள வேண்டும், வயிற்றை இறுக்கி மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தெரிந்தவள் நினைத்தால் நாற்பது கிலோவை இருபதாக்கிக் கொடுக்கலாம். நினைத்தால் நனைந்த சிமெண்டு மூட்டையாகவும் ஆக்கலாம். முதலில் இவனுக்கு இலகுவாக்கிக் கொடுக்க வேண்டும், ஊரே மெச்சும்படி. பிறகு ஒலிம்பிக் போகிற ஜோடியைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில், கெங்கும் கேமராவும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கடைசித் தூக்கலில் குதிக்காமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான். காலையில் பலகையில் நாற்பத்தொன்று என்று எழுதியிருக்கும். நாற்பத்தொரு கிலோவைத் தூக்க முடியாமல் அவன் நடுத்தளத்தில் நடுங்கிக்கொண்டு நிற்பான். கனம் யாரிடம் என்று அன்றைக்கு ஊர் தெரிந்துகொள்ளும்.

அவளுடைய ஒலிம்பிக்கும் அதோடு போய்விடும். போனால் போகிறது. ஒலிம்பிக் அவள் ஒரு தடவை பார்த்துவிட்டாள், பழி வாங்கினதுதான் இன்னும் இல்லை.

இரண்டு வருடம் அவள் அவனுக்கு அப்படிக் குதித்துக் கொடுத்தாள். வெட்டப் போகிற ஆட்டுக்குத் தழை போடுகிற மாதிரி பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள். அவர்களைப் "பெரியப்பா பெரியம்மா" என்று கூப்பிட்டுக் கேலி செய்துகொண்டிருந்த மையத்துப் பொடிசுகள் ஆறே மாதத்தில் வாயை மூடிக்கொண்டன. சின்னப் போட்டிகளில் இரண்டாவது, மூன்றாவது என்று வந்தவர்கள் முதலாவதாகவும் வந்தார்கள்.

"போன தடவைக்கு இப்ப நீ பஞ்சா இருக்க" என்றான் தேஷான் ஒரு நாள்.

"நல்லா இருக்குல்ல? அனுபவிச்சுக்கோ."

தேர்வுப் போட்டி மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்று ஜோடிகள்தான். மற்ற நாலு பேரின் வயதையும் கூட்டினால்கூட இவர்கள் இரண்டு பேரின் வயதைவிடக் கொஞ்சம்தான் அதிகம் வரும். அன்று காலை எடை பார்க்கிறவள் வழக்கம்போல் முணுமுணுத்தபோது, "சத்தமாப் படி" என்றாள் யாச்சின். அவள் மறுபடி சத்தமாகப் படித்தாள்.

பனியில் எல்லாம் நினைத்ததற்கு மேலேயே நடந்தது. வீசல் இரண்டிலும் அவள் ஒற்றைக் காலில் சுத்தமாக இறங்கினாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தளத்தோரம் கெங் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசித் தூக்கலுக்குத் தேஷான் எதிரே வந்து அவள் கைகளைப் பிடித்தான். அவன் உள்ளங்கை வேர்த்திருந்தது. நில், அசையாதே, மரமாக நில் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அவன் எண்ணினான். ஒண்ணு, ரெண்டு.

மூணு என்றதும் அவள் கால் குதித்துவிட்டது.

அவள் குதிக்கவில்லை, சத்தியமாக. பதினோரு வயதிலிருந்து அந்த எண்ணிக்கைக்குக் குதித்துப் பழகிய கால், அவளைக் கேட்காமலேயே மடங்கி, உந்தி, தூக்கிக்கொண்டு போய்விட்டது. கண்ணைத் திறந்தபோது அவள் அவன் தலைக்கு மேலே இருந்தாள். கீழே ஊரே ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தது. ஒன்றரைப் புள்ளியில் ஜெயித்தார்கள். மேடையில் அவள் தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்து, சந்தோஷத்தில் அழுகிறாள் என்று மறுநாள் பத்திரிகையில் படம் போட்டார்கள்.

மறுநாள் மதியம் கெங் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெங்குக்கு அறுபத்து மூன்று வயது. மேசையில் விரித்த செய்தித்தாளில் சூரியகாந்தி விதைத் தோல் குவிந்திருக்கும். விதையை உடைத்துக்கொண்டேதான் எதையும் பேசுவார், யாருடைய வாழ்க்கையாக இருந்தாலும்.

"உக்காரு. கடைசியில தேஷான் முழங்கை நடுங்குச்சு. டிவியில தெரியல, எனக்குத் தெரிஞ்சுது."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சிஹாங்கத் தெரியுமில்ல? இருபத்து மூணு வயசு, காளை மாதிரி. அவன் ஜோடிப் பொண்ணுக்கு இடுப்பெலும்பு போச்சு, இனிமே வர மாட்டா. பதினோரு மாசம் இருக்கு. உன்னையும் அவனையும் சேத்தா மெடல் வரும்."

"தேஷான்?"

"அவனுக்கு முப்பத்தெட்டு ஆச்சு." ஒரு தோலைத் துப்பினார். "அடுத்த திங்கக்கெழம தாள் ஒட்டுறேன். அதுவரைக்கும் அவனோட வழக்கம்போல பயிற்சி பண்ணு. வாயத் தொறக்காத. இதெல்லாம் உனக்கு நான் சொல்லணுமா."

"வேண்டாம் கோச். எனக்கு நல்லாத் தெரியும்."

அறையை விட்டு வெளியே வந்து கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கால் செய்த துரோகத்துக்குக் கடவுளே பார்த்து ஈடு கொடுத்த மாதிரி இருந்தது. அதே தாள், அதே கதவு, அதே ஒரு வாரம். அதுவும் பதக்கத்தோடு.

அந்த வாரத்தை அவள் ருசித்து ருசித்துக் கழித்தாள். அவன் எண்ணும்போது, எண்ணிக்கோ ராசா, இன்னும் ஐந்து நாள் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். அவன் அடுத்த வருட நிகழ்ச்சிக்கு இசை மாற்றுவதைப் பற்றிப் பேசினபோது, நல்ல யோசனை என்று தலையாட்டினாள். வியாழக்கிழமை வீசலுக்கு முன்னால், "எடது பக்கம் பனி பள்ளமா இருக்கு, பாத்து எறங்கு" என்றான். அவளுக்குச் சட்டென்று எரிச்சல் வந்தது. அன்றைக்கும் இவன் இப்படித்தான் சொல்லியிருப்பான், எல்லாம் தெரிந்துகொண்டே பள்ளம் பார்த்துச் சொல்லியிருப்பான். இரக்கம் என்று எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் உள்ளே விட்டிருக்க மாட்டாள்.

ஆனால் ஒன்று குறைந்தது. விஷயம் தெரியும்போது அவன் முகம் எப்படிப் போகும் என்று அவள் பார்க்க வேண்டும். கூட்டத்தில் ஒருத்தியாக அல்ல, எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். மேசை நடுவிலேயே இரும்புச் சட்டி பதித்த கடை. வாத்துக்கறி கொதித்தது, சட்டியின் விளிம்பில் சோளமாவு அப்பங்கள் ஒட்டி வெந்துகொண்டிருந்தன. யாச்சின் மூன்று கிண்ணம் சாப்பிட்டாள். தேஷான் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நாளைக்குத் தராசுல என்ன பண்ணுவ?"

"நாளைக்கு நான் உனக்குக் கனக்க மாட்டேன்." வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நாளைக்கு ஒட்டப் போற தாள்ல எம் பேருக்குப் பக்கத்துல உம் பேரு இருக்காது. சிஹாங் பேரு இருக்கும். எனக்கு ஒரு வாரமாத் தெரியும்."

தேஷான் சட்டியிலிருந்து ஒரு வாத்துக் காலை எடுத்து அவள் கிண்ணத்தில் வைத்தான்.

"எனக்கும் தெரியும்" என்றான்.

"யாரு சொன்னா?"

"நான்தான் கேட்டேன். போட்டி முடிஞ்ச அன்னிக்கே கெங்கிட்டப் போயி, சிஹாங்க அவளுக்குக் குடுங்கன்னு சொன்னேன். என் தோளு தாங்காது. பன்னெண்டு வருசம் முந்தியும் கனம் அவகிட்ட இல்ல, எங்கிட்டன்னும் சொல்லிட்டேன். அவரு உங்கிட்ட என் பேர எடுத்திருக்க மாட்டாரு, தன் யோசனைன்னுதான் சொல்லியிருப்பாரு."

அவன் நிதானமாகப் பேசிக்கொண்டே போனான்.

"லியாவ் அண்ணன் வாயில எது நிக்கும்? உங்கிட்ட உளறினத மறுநாளே எங்கிட்ட வந்து சொல்லி அழுதாரு. உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். நான் ஆரஞ்சுப் பழத்தோட வந்தப்பவும் தெரியும்."

"தெரிஞ்சும் எதுக்குடா வந்த?"

"வேற எங்க போறது? நீ சண்ட போடாம எதுக்குமே சரின்னு சொன்னவ கெடையாது. அன்னிக்கு உடனே சரின்ன. எங்கயோ வச்சு என்ன வெட்டப் போறன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. ரெண்டு வருசமா மூணுன்னு எண்ணுறப்ப எல்லாம் இப்ப விட்ருவா, இப்ப விட்ருவான்னே எண்ணுவேன். போன ஞாயித்துக்கெழம கண்டிப்பா விட்ருவன்னு நெனச்சேன். நீ குதிச்சிட்ட."

"நான் குதிக்கல. என் காலு குதிச்சுது."

"சரி. உன் காலு மேல இருக்கிற மரியாதைக்குத்தான் போயிச் சொன்னேன்னு வச்சுக்க."

"கெங் என்ன சொன்னாரு?"

தேஷான் முதல்முறையாகத் தலையைக் குனிந்தான். "வெதைய ஒடச்சுகிட்டே, அப்பவே தெரியும்டான்னாரு. தூக்குற பையன் கெடைக்கிறது கஷ்டம், பொண்ணுங்க கெடைப்பாங்க, அதான் எடைன்னு எழுதினேன்னாரு."

யாச்சின் அவன் வைத்த வாத்துக் காலை எடுத்துச் சட்டியிலேயே திரும்பப் போட்டாள். அவளுக்கு இரண்டு பேர் மேலும் ஒரே நேரத்தில் வெறி வந்தது. கெங்கை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இவன் எதிரே உட்கார்ந்திருந்தான், முகத்தில் அப்படி ஒரு அமைதி. மூட்டையை இறக்கிவைத்த கூலிக்காரன் முகம். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எல்லாம் விளங்கியது. நாளைக்குத் தாள் ஒட்டினதும் மையத்தில் என்ன பேசுவார்கள்? தேஷான் தன் இடத்தை விட்டுக்கொடுத்தான், எவ்வளவு பெரிய மனசு என்பார்கள். பத்திரிகைக்காரன் வந்து அவன் தோளைப் படம் பிடிப்பான். இவள் கிழவனைத் தள்ளிவிட்டு வாலிபனைப் பிடித்துக்கொண்டவள் ஆவாள். அவள் பன்னிரண்டு வருடம் சுமந்ததை இவன் ஒரே சாயங்காலத்தில் தியாகமாக மாற்றி, அதையும் தன் பெயரில் எழுதிக்கொண்டான்.

"நல்லவனாயிட்டியா?" என்றாள். குரல் உடைந்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது, அதை மறைக்கவும் இல்லை. "பட்டினி கெடந்தவ நான். முடி கொட்டினவ நான். நீ போயி ரெண்டு வார்த்த சொல்லிட்டு வீட்ல நிம்மதியாப் படுத்துத் தூங்கலாம்னு பாக்குறியா? விட மாட்டேன்."

"யாச்சின், அந்தப் பையனோட போனா உனக்கு மெடல் வரும்."

"நீ குடுக்கிறதா இருந்தா எனக்கு எதுவும் வேண்டாம்."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தகடு தீட்டும் அறையின் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அவள் நின்றாள். கெங் ஒரு கையில் தாளும் மறு கையில் பசைநாடாவுமாக வந்தார்.

"நகரு."

"அத ஒட்டாதீங்க கோச். நான் தேஷானோடதான் போறேன்."

கெங் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பைத்தியமா? அவனோட போனா அஞ்சாவதோ ஆறாவதோதான்."

"சரி."

"நடுவுல தோளு போச்சுன்னா அதுவும் கெடையாது."

"போகாது. அவன் தோளு இப்ப என் கால்ல இருக்கு. நான் குதிக்கிற வரைக்கும் நிக்கும்."

"அவன் மேல உனக்கு என்ன அவ்வளவு பாசம்?"

"பாசமா?" யாச்சினுக்குச் சிரிப்பு வந்தது. "சிஹாங்கோட நான் போனா இவன் தியாகி. என்னோட வந்தான்னா, சாகுற வரைக்கும் ஒலிம்பிக் இவனுக்கு என்னாலதான் கெடைச்சுது. தெனம் காலைல எந்திரிக்கிறப்ப அந்தத் தோளு அவனுக்கு ஞாபகப்படுத்தணும். எனக்கு அதுதான் வேணும்."

"என்னால முடியாதுன்னு சொன்னா?"

"இன்னிக்கே மாலுக்குப் போறேன். அங்க இருக்கிற புள்ளைங்களுக்கு இன்னும் நிக்கவே வரல. சிஹாங்குக்கு வேற ஆளப் பாருங்க. பொண்ணுங்கதான் கெடைப்பாங்களாமே, தேடிப் பாருங்க."

கெங்கின் கையில் விதை இல்லாததால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தாளை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், சட்டைப் பைக்குள் வைத்தார்.

"இன்னொண்ணு இருக்கு" என்றாள் யாச்சின். "அன்னிக்கு நீங்க எழுதின காரணம் பொய்யின்னு எல்லாரும் பனியில நிக்கிறப்ப சொல்லணும். நீங்களும் சொல்லணும், அவனும் சொல்லணும்."

ஒன்பது மணிக்குச் சொன்னார்கள். தளத்தில் முப்பது பேர் இருந்தார்கள். கெங் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தரையைப் பார்த்துச் சொன்னார். தேஷான் அவளைப் பார்த்துச் சொன்னான், தோளைத் தொட்டுக் காட்டிச் சொன்னான். காலையில் எடை பார்க்கிற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பதினேழு வயதுப் பெண் மெதுவாகத் தன் ஜோடிப் பையன் பக்கம் திரும்பி அவனை முறைத்தாள். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு நிமிடம் எந்த மூலைக்கு என்று இருந்தது யாச்சினுக்கு.

கூட்டம் கலைந்ததும் தேஷான் அருகில் வந்தான்.

"போதுமா?"

"போதாது. பிப்ரவரி வரைக்கும் தெனம் இருபது தடவ என்னத் தூக்கணும். வலிக்குதுன்னு சொல்லக் கூடாது."

"அதுக்கப்புறம் மன்னிச்சிருவியா?"

"அப்ப யோசிக்கிறேன். கையக் குடு."

அவன் கையைக் கொடுத்தான். எண்ணினான். அவள் குதித்தாள், இந்தத் தடவை வேண்டுமென்றே குதித்தாள், அவன் தலைக்கு மேலே போய் நேராக நின்றாள். விதிப்படி மூன்றரைச் சுற்றில் இறக்கிவிட வேண்டும். மூன்றரை முடிந்தது. நாலாவது சுற்றில் அவன் கை நடுங்கத் தொடங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. ஆனாலும் அவளைக் கெட்டியாகப் பிடித்திருந்தான்.

"எறக்கவா?" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இன்னொரு சுத்து" என்றாள் யாச்சின்.